எலும்பை அறுக்கலாம், செருப்பை மாற்றக் கூடாதா?

பெருவிரல் பக்கத்து விரல்மேல் சாய்ந்து, அதன் அடிமூட்டு புடைத்துக்கொள்வதற்கு மருத்துவம் வைத்த பெயர் ஹாலக்ஸ் வால்கஸ். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 நோய்ப் பட்டியலில் எம்20.1. பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு சொல்: 'பெறப்பட்டது'. பிறவியில் வந்ததல்ல என்று அர்த்தம். யாரிடமிருந்து பெற்றாள் என்பது பட்டியலில் இல்லை.

அறுவை சிகிச்சை சின்ன விஷயமில்லை. பெருவிரலுக்குப் பின்னால் பாதத்தில் ஓடும் எலும்பை அறுத்து, நகர்த்தி, திருகாணியால் முடுக்குகிறார்கள். பல வாரங்கள் தனிக் காலணியோடு நடக்க வேண்டும். வீக்கம் முழுதாக வடிய மாதங்கள் ஆகும். அப்படியும் சிலருக்கு விரல் திரும்பச் சாய்ந்துவிடுகிறது.

பரம்பரையும் காரணம்தான், மறுக்கவில்லை. செருப்பே போடாதவர்களுக்கும் வருவதுண்டு. ஆனால் குதிகால் உயர உயர உடம்பின் பாரம் முன்பாதத்தில் இறங்குகிறது. கூர்முனை விரல்களை நெருக்குகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கே இது அதிகம் வருகிறது. "அம்மாவுக்கும் இருந்ததா?" என்று கேட்பது எளிது. அம்மாவும் அதே செருப்பைத்தானே போட்டாள்? வேலையிடத்தில் எதைப் போடச் சொல்கிறார்கள் என்றல்லவா முதலில் கேட்க வேண்டும்!

2015இல் லண்டன் அலுவலகம் ஒன்றில் வரவேற்பாளர் வேலைக்குத் தட்டைச் செருப்போடு போன நிக்கோலா தார்ப், சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அவருடைய மனுவில் 1,50,000க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். இருக்கிற சட்டமே போதும் என்றது பிரிட்டன் அரசு.

ஜப்பானில் யூமி இஷிகாவா, இறுதிச்சடங்கு நிறுவனத்தில் ஹீல்ஸோடு நின்று வேலைசெய்தவர். துக்க வீட்டுக்கு எதற்கு ஹீல்ஸ்? 2019இல் அவர் தொடங்கிய இயக்கம் 'குடூ'. செருப்புக்கும் வலிக்கும் ஜப்பானிய மொழியில் ஏறக்குறைய ஒரே ஓசை. மீடூவின் எதிரொலியும் அதில் உண்டு. சமூகம் ஏற்கும் அளவில் ஹீல்ஸ் தேவையானதே என்று பதில் சொன்னார் அன்றைய தொழிலாளர் அமைச்சர், ஓர் ஆண். மறுவருடம் ஜப்பான் ஏர்லைன்ஸ் தன் பணிப்பெண்களுக்கான ஹீல்ஸ் கட்டாயத்தை நீக்கியது. விமானங்கள் வழக்கம்போலப் பறந்தன.

வலியோடு வருகிறவளுக்கு அறுவை சிகிச்சை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். டாக்டர், அவள் சீட்டில் 'பெறப்பட்டது' என்று எழுதும்போது, அவள் பார்க்கும் வேலையையும் அங்கே போடச் சொல்லும் செருப்பையும் சேர்த்து எழுதுங்கள்.