நிமிர்த்தப்படும் கட்டடங்கள்

தில்லியிலுள்ள குதுப்மினாரின் உயரம் ஏறத்தாழ 72.5 மீட்டர். அடியில் 14.32 மீட்டராக உள்ள அதன் விட்டம், உச்சியில் 2.75 மீட்டராகச் சுருங்கிவிடுகிறது. அதன் பக்கங்கள் செங்குத்தானவை அல்ல. சராசரியாக ஒவ்வொன்றும் 4½ பாகை அளவு உள்நோக்கிச் சரிந்தே எழுகின்றன. காமிராவை அண்ணாந்து பிடித்து எடுத்த இதன் படமொன்றை, கட்டடக் கோடுகளைத் தானே கண்டறிந்து நிமிர்த்தும் மென்பொருளிடம் ஒப்படைத்தால் நேரக்கூடியது யாது? மினாரின் இரு விளிம்புகளையும் அது செங்குத்துக் கோடுகள் என்று கொள்ளக்கூடும். அவ்வாறு கொண்டால், அடுக்கடுக்காக ஒடுங்கி உயரும் கோபுரம் ஒரு நொடியில் ஒரே பருமனுள்ள உருளையாகிவிடும்.

இதனால் இத்தகைய திருத்தமே தீது என்று ஒதுக்குவதற்கில்லை. காமிராவின் உணரி கட்டட முகப்புக்கு இணையாக நிற்கும்வரை, முகப்பின் இணைகோடுகள் படத்திலும் இணைகோடுகளாகவே விழும். தெருவில் நிற்பவர் உச்சியையும் படத்துள் அடக்க வேண்டிக் காமிராவைச் சாய்த்தவுடன் அந்நிலை கெடுகிறது. கட்டடம் பின்னோக்கி விழுவதுபோல் தோன்றுகிறது. இது வில்லையின் குறையன்று, வடிவ கணிதத்தின் விளைவு. ஆதலின் கணிதத்தாலேயே இதனை மாற்றவும் இயலும். சாய்வுக் கோணமும் குவியத் தூரமும் தெரிந்தால், அதே இடத்தில் காமிராவை நேராகப் பிடித்திருந்தால் கிடைத்திருக்கும் தோற்றத்தைக் கணக்கிட்டுவிடலாம். முற்காலத்தில் தகட்டைச் செங்குத்தாக நிறுத்தி, வில்லையை மட்டும் உயர்த்தி இதே பயனைப் பெற்றனர். ஜெர்மனியில் ஆல்பிரெக்ட் மைடன்பாவர் என்பார் 1858-ல் வெட்ஸ்லர் பேராலயத்தை அளந்தபோது தவறி விழவிருந்தார்; சுவரில் ஏறாமல் படத்திலிருந்தே அளவுகளைப் பெறலாம் என்னும் எண்ணம் அவருக்கு அதனால் உதித்தது. 1885-ல் பெர்லினில் இப்பணிக்கெனவே ஒரு நிலையம் அமைந்தது. படத்தின் வடிவம் பிழையற்றிருக்க வேண்டும் என்ற கண்டிப்பு அத்தகைய பணியிலேதான் வேரூன்றியது.

இன்று கருவி எளிதாகிவிட்டது. 2013-ல் வெளிவந்த லைட்ரூம் ஐந்தாம் பதிப்பிலேயே, ஒரு பொத்தானை அழுத்திச் சாய்ந்த கோடுகளை நிமிர்த்தும் வசதி இடம்பெற்றது. கைவேலையாகத் திருத்துவோரிற் சிலர் மேற்பகுதியை அகட்டிவிட்டு, உயரத்தை அதற்கேற்ப நீட்ட மறந்துவிடுகின்றனர், கட்டடம் குட்டையாகிறது. மிகுதியாக விரிக்கப்படும் உச்சியில் நுண்வேலைப்பாடுகள் மங்குகின்றன. அங்கே இல்லாத விவரத்தை மென்பொருள் அண்டைப் புள்ளிகளைக் கொண்டு ஊகித்து நிரப்புகிறது. அன்றியும், எவ்வளவு நிமிர்த்தினும் குதுப்மினாரின் உப்பரிகைகளின் அடிப்புறமே தெரியும். பார்த்த இடம் தரையாக இருக்க, அதனை எந்தக் கணக்கும் மேலே ஏற்றிவிடாது.

விளம்பரத் தாளில் ஒரு விடுதியின் முகப்புச் சற்று அகன்றிருந்தால், அதை நம்பி அறை பிடித்தவரைத் தவிர எவருக்கும் நட்டமில்லை. நினைவுச் சின்னத்தின் பதிவுப் படம் அத்தகையதன்று. சுவர் எப்போது சாயத் தொடங்கியது, விரிசல் எவ்வளவு அகன்றது என்று பின்னாளில் ஆராய்வோர் பழைய படத்தையே நாடுவர். தாஜ்மகாலின் நான்கு மினார்களும் சற்றே வெளிப்புறம் சாய்ந்தவை. இத்தாலியிலுள்ள பைசா கோபுரம், சீரமைப்பு முடிந்த பின்னும் ஏறக்குறைய 4 பாகை சாய்ந்தே நிற்கிறது. இவற்றை நேராக்கிக் காட்டும் படம் திருத்தமன்று, பொய்ச்சான்று.

ஆதலின், பதிவுப் படங்களில் திருத்தத்தின் அளவை, ஆராயப்படும் கட்டடத்தின் விளிம்பிலிருந்தே எடுத்தலாகாது. காமிராவிலுள்ள சாய்வுமானி காட்டும் கோணத்தைக் குறித்துக்கொள்ளலாம். அது இல்லையேல், கொத்தனாரின் தூக்குக்குண்டு நூல் இரண்டு படத்தின் இரு ஓரங்களிலும் விழுமாறு தொங்கவிடலாம். மூலப் படம் தொடப்படாமல் காக்கப்பட வேண்டும். திருத்திய படத்தின் அடியில், எத்தனை பாகை, எதனை ஆதாரமாகக் கொண்டு திருப்பப்பட்டது என்று ஒரு வரி எழுதினால் போதும். படம் எடுத்த நாளையும் இடத்தையும் தவறாது எழுதுவோர், இவ்வொரு வரியைச் சேர்க்கத் தயங்குவதற்குக் காரணம் ஏதுமில்லை.