உடையும் என்று சொன்னவரா, உடைத்துக் காட்டியவரா?

கணிதக் கதைகளில் இது ரொம்பப் பிரபலம். 1903 அக்டோபரில் நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதவியல் கழகத்தின் கூட்டம். ஃபிராங்க் நெல்சன் கோல் என்ற பேராசிரியர் கரும்பலகைக்குப் போய், 2-ஐ 67 முறை பெருக்கி, வந்ததில் 1-ஐக் கழித்தார். 14,75,73,95,25,89,67,64,12,927. (வாயால் சொல்வதென்றால் சுமார் பதினாலே முக்கால் லட்சம் கோடி கோடி!) பக்கத்திலேயே 193707721-ஐயும் 761838257287-ஐயும் பெருக்கினார். அதே விடை. ஒரு வார்த்தைகூடப் பேசாமல் போய் உட்கார்ந்தார், அரங்கமே கைதட்டியது என்று பிற்காலத்தில் இ.டி. பெல் எழுதினார்.

நல்ல கதைதான். ஆனால் அந்த எண் பகா எண் இல்லை என்பது 1903-இல் புதுச் செய்தியே அல்ல. அது பகா எண் என்று பிரான்சின் பாதிரியார் மெர்சென் 1644-இல் எழுதினார். 1876-இல் எதுவார் லூக்கா அதைத் தவறென்று நிரூபித்துவிட்டார். அவர் கையில் ஒரு காரணிகூட இல்லை! உண்மையில் பெரிய ஆச்சரியம் இதுதான்.

வகுப்பில் ஒரு எண்ணைப் பகு எண் என்று சொன்னால் உடனே வரும் கேள்வி, "எதால் வகுபடும்?" லூக்காவுக்கு அந்தக் கேள்வியே தேவைப்படவில்லை. அவர் வழியை 1930-களில் லெமர் எளிமையாக்கினார். 4-இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி, 2-ஐக் கழித்து, சோதிக்க வேண்டிய எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு அதையே திரும்பச் செய்ய வேண்டும். 31, அதாவது 2-இன் 5-ஆம் அடுக்கில் 1 குறைவு. அதற்குச் செய்தால் 4, 14, 8, 0. மூன்றாவது படியில் பூஜ்யம் வந்துவிட்டதால் 31 பகா எண். 67-ஆம் அடுக்குக்கு 65 படிகள். கடைசியில் பூஜ்யம் வராது, ஆகவே பகு எண். அவ்வளவுதான். பள்ளிக்கூட முறையில் வர்க்கமூலம் வரை வகுத்துப் பார்ப்பதென்றால் 1200 கோடியைத் தாண்ட வேண்டும்.

கோலின் உழைப்பைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. அவரும் கண்ணை மூடிக்கொண்டு தேடவில்லை. இந்த எண்ணின் எந்தக் காரணியிலும் 1-ஐக் கழித்தால் 134-ஆல் மீதியின்றி வகுபடும். கால்குலேட்டர் இருந்தால் மேலே உள்ள இரண்டையும் சரிபார்க்கலாம். ஆனாலும் அவர் கண்டது ஒரு எண்ணின் காரணிகள். லூக்கா கண்டது ஒரு வழி. கைதட்டல் மட்டும் கோலுக்கே போய்ச் சேர்ந்தது, கண்ணுக்குத் தெரிவதற்குத்தானே கூட்டம் கைதட்டும்!

எந்த எண்ணையும் பகா எண்ணா இல்லையா என்று விரைவாகத் தீர்மானிக்கும் வழியை 2002-இல் கான்பூர் ஐ.ஐ.டி.யின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் கொடுத்தார்கள். அதிலும் காரணிகள் வெளியே வராது. பெரிய எண்களை அதே மாதிரி விரைவாக உடைக்கும் வழி சாதாரணக் கணினிகளுக்கு இன்னும் கிடைக்கவில்லை. 1977-இல் பிறந்த ஆர்.எஸ்.ஏ. ரகசியப் பூட்டு நிற்பது இந்த இடைவெளியில்தான். பூட்டின் எண் பகு எண் என்பது ஊருக்கே தெரியும், காரணிகள் பூட்டியவருக்கு மட்டும்.