காவலுக்கு யார் கூலி கொடுப்பது?



நம் பங்குத் திருவிழாவுக்கு இங்கிலாந்திலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. அந்த அம்மையார் இதே பங்கில் பிறந்து வளர்ந்தவர். செவிலியர் படிப்பை முடித்து, அந்நாட்டு மருத்துவமனை ஒன்றில் பல ஆண்டுகளாகப் பணிபுரிந்து வருபவர். கொடியிறக்கம் முடிந்த மாலையில் பங்கு இல்லத்துத் தாழ்வாரத்தில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தபோது, சில ஆண்டுகளுக்கு முன் தம் வீட்டில் நடந்த திருட்டைப் பற்றிச் சொன்னார். இரவுப்பணி முடிந்து விடியற்காலையில் வீடு திரும்பியபோது பின்கதவு உடைந்து கிடந்ததாம். தாயார் நினைவாக வைத்திருந்த சங்கிலி போய்விட்டது. காவல் நிலையத்துக்குத் தொலைபேசியில் சொன்னார். மரியாதையாகத்தான் பேசினார்கள். ஒரு வழக்கு எண்ணையும் கொடுத்தார்கள். ஆனால் வந்து பார்க்க ஒருவரும் வரவில்லை. சில வாரங்களுக்குப் பின், மேற்கொண்டு விசாரிக்க வழியில்லை என்று ஒரு கடிதம் மட்டும் வந்தது.

“சாமி, அங்கே வீட்டு வரிச் சீட்டில் காவலுக்கு இவ்வளவு என்று தனியாகவே அச்சிட்டு வாங்குகிறார்கள். அந்தத் தொகை ஏறிக்கொண்டே போகிறது. ஆனால் எங்கள் தெருவில் காவலரைப் பார்ப்பதே அரிதாகிவிட்டது. கட்டுகிற பணம் எங்கேதான் போகிறது?” என்று கேட்டார்.

நானும் யோசியாமல், “ஆளும் கட்சி மாறினால் சரியாகிவிடும், அம்மா” என்றேன். அவர் சிரித்தார். “அதைத்தான் சாமி, அங்கே எல்லாக் கட்சியும் சொல்கிறது!”

அந்தச் சிரிப்பு பல நாள் என்னை உறுத்தியது. ஒரு பெண்மணி தம் இழப்பைச் சொல்லி நியாயம் கேட்கிறார். நானோ எளிதாய் வாயில் வந்த ஒரு விடையைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். ஆகவே அதைப் பற்றித் தேடிப் படித்தேன். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்வது நலமென்று தோன்றுகிறது. ஏனெனில் நம்மில் பலருக்கு அந்நாட்டில் மக்களும் மருமக்களும் இருக்கிறார்கள். அன்றியும், ஊரின் காவலும் நூலகமும் கட்சிச் சண்டைக்குள் அகப்பட்டுக்கொண்டால் என்ன நேரும் என்பது எந்நாட்டாரும் அறிந்துகொள்ள வேண்டிய பாடமாகும்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் நாட்டில் காவல்துறை மாநில அரசின் பொறுப்பு. அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணை அதை மாநிலப் பட்டியலில் வைத்திருக்கிறது. காவலருக்கு நம் ஊராட்சி சம்பளம் கொடுப்பதில்லை. இங்கிலாந்திலும் வேல்சிலும் முறை வேறு. அங்கே வட்டாரத்துக்கு ஒன்றாக 43 காவற்படைகள் உள்ளன. அவற்றுக்குப் பணம் பெரும்பாலும் இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று, நடுவண் அரசு தரும் மானியம். மற்றது, வீடுகளுக்கு விதிக்கப்படும் ‘கவுன்சில் வரி’யோடு சேர்த்துக் காவலுக்கென வாங்கப்படும் பங்கு. அந்த அம்மையார் சொன்ன சீட்டு இதுவே.

2008-ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் அந்நாட்டு அரசின் வரவுக்கும் செலவுக்கும் இடையே பெரும் பள்ளம் விழுந்தது. 2010 மே மாதத் தேர்தலில் தொழிற்கட்சி தோற்றுப் பதவி விலகியபோது, கருவூலத் துறை அமைச்சர் ஒருவர் தமக்கு அடுத்து வருபவருக்குப் பணமே இல்லை என்று விளையாட்டாக ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போனார். கன்சர்வேட்டிவ் கட்சியின் தலைவர்கள் அதைப் பத்திரமாகக் காத்து, ஐந்தாண்டு கழித்து வந்த தேர்தலிலும் மேடைதோறும் தூக்கிக் காட்டினார்கள்.

அவர்கள் லிபரல் டெமாக்ரட் கட்சியோடு கூட்டாக அமைத்த அரசு செலவைக் குறைக்கத் தொடங்கியது. அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகம் 2018-இல் வெளியிட்ட கணக்கின்படி, 2010-11 முதல் 2018-19 வரை, விலைவாசி ஏற்றத்தைக் கழித்துப் பார்த்தால், காவலுக்கு நடுவண் அரசு தந்த பணம் 30 விழுக்காடு குறைந்தது. மக்கள் கட்டிய வீட்டு வரியையும் சேர்த்துப் பார்த்தால் மொத்தக் குறைவு 19 விழுக்காடு. 2010-இல் ஏறத்தாழ 1,43,700 ஆக இருந்த காவலர் எண்ணிக்கை 2018-இல் 1,22,400 ஆகச் சுருங்கிற்று.

இக்குறைவு எல்லா ஊருக்கும் ஒன்றுபோல் இருந்ததா என்றால், இல்லை. ஒரு தந்தைக்கு இரண்டு மகன்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மூத்தவனுக்குச் சொந்த நிலத்தின் வருமானம் உண்டு. இளையவன் தந்தை அனுப்பும் பணத்தையே நம்பி வாழ்கிறான். ‘இருவருக்கும் ஒரே அளவாகக் குறைக்கிறேன், இதில் ஓரவஞ்சனை இல்லை’ என்று தந்தை சொன்னால், பட்டினி கிடப்பவன் யார்? அதுவேதான் அங்கும் நடந்தது. லண்டனை அடுத்த சரே வட்டாரம் செல்வர்கள் வாழும் இடம். வீட்டு வரியின் வருவாய் அங்கே மிகுதி. வடகிழக்கிலுள்ள நார்தம்பிரியாவோ நிலக்கரிச் சுரங்கமும் கப்பல் கட்டும் தொழிலும் நலிந்துபோன பகுதி. அது மானியத்தையே பெரிதும் நம்பியிருந்தது. மேற்கண்ட எட்டு ஆண்டுகளில் சரே காவற்படையின் மொத்த வருவாய் 11 விழுக்காடு குறைந்தது. நார்தம்பிரியாவினுடையது 25 விழுக்காடு குறைந்தது. பணத்தைப் பங்கிடும் சூத்திரத்தைத் திருத்த 2015-இல் ஒரு முயற்சி நடந்தது. அதில் தவறான புள்ளிவிவரங்களைப் பயன்படுத்தியிருந்தது வெளியாகவே, அமைச்சர் மன்னிப்புக் கேட்க, அம்முயற்சி நின்றுபோயிற்று.

அப்படியானால் அந்தந்த ஊராரே கூடுதல் வரி கொடுக்கலாமே என்று கேட்பீர்கள். குறிப்பிட்ட வரம்புக்கு மேல் வரியை உயர்த்த வேண்டுமானால் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்று சட்டம் இருந்தது. பெட்போர்டுஷயர் வட்டாரத்தில் 2015 மே மாதம் அவ்வாறே கேட்டார்கள். அவ்வட்டாரத்தில்தான் லூட்டன் நகரம் இருக்கிறது. காவலுக்கான பங்கை 15.8 விழுக்காடு உயர்த்தினால் நூறு காவலரைச் சேர்க்கலாம் என்றார்கள். நடுத்தர மதிப்புள்ள ஒரு வீட்டுக்கு வாரம் அரைப் பவுண்டுக்கும் குறைவான சுமைதான். வாக்களித்தவர்களில் ஏறத்தாழ எழுபது விழுக்காட்டினர் ‘வேண்டாம்’ என்றனர். அவர்களைக் குறை சொல்லத் துணிய மாட்டேன். சம்பளம் உயராத காலத்தில், வெஸ்ட்மின்ஸ்டரில் உள்ளவர்கள் குறைத்ததை நாம் ஏன் ஈடுகட்ட வேண்டும் என்று ஒரு குடும்பத்தலைவர் நினைப்பது இயல்பன்றோ? ஆயினும், காவலர் வேண்டும், வரி வேண்டாம் என்ற இரண்டு ஆசைகளும் நம் ஒவ்வொருவர் உள்ளத்திலும் ஒருங்கே வாழ்கின்றன என்பதையும் நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

காவலை மக்களின் கையில் ஒப்படைக்கிறோம் என்று சொல்லி, வட்டாரந்தோறும் ஒரு காவல் ஆணையரை மக்களே தேர்ந்தெடுக்கும் முறையையும் அவ்வரசு கொண்டுவந்தது. முதல் தேர்தல் 2012 நவம்பர் 15-இல் நடந்தது. வாக்களித்தவர்கள் நூற்றுக்குப் பதினைந்து பேரே! வேல்சின் நியூபோர்ட் நகரில் ஒரு வாக்குச்சாவடியில் நாள் முழுதும் ஒரு வாக்குகூட விழவில்லை. கட்சி சாராத நல்லோர் முன்வருவர் என்ற நம்பிக்கையும் நிலைக்கவில்லை. முதல் தேர்தலில் 41 இடங்களில் 12 பேர் கட்சி சாராதவர். 2016-இல் அத்தகையோர் மூவர். 2021-இல் ஒருவருமில்லை. ஊரின் காவலைக் கட்சியிலிருந்து மீட்க வந்த பதவியைக் கட்சிகளே எடுத்துக்கொண்டன.

இனி, கட்சிகள் பேசியதைக் கேளுங்கள். 2010 தேர்தலின்போது, காவலர் எண்ணிக்கை குறையாது என்று உறுதி தர முடியுமா எனக் கேட்டதற்கு, அன்றைய தொழிற்கட்சி உள்துறை அமைச்சர் முடியாது என்றே சொன்னார். 2015-இல் அக்கட்சியின் உள்துறைப் பேச்சாளர், ஐந்து முதல் பத்து விழுக்காடு வரையான சிக்கனத்தைச் சிரமப்பட்டேனும் தாங்கலாம் என்றார். அதே கட்சி 2017-இல் பத்தாயிரம் காவலரைப் புதிதாய்ச் சேர்ப்போம் என்று வாக்குக் கேட்டது. மறுபுறம், 2010 முதல் 2016 வரை உள்துறை அமைச்சராயிருந்த தெரசா மே, ஆட்குறைப்பால் ஆபத்து என்று எச்சரித்த காவலர் சங்கத்தாரைப் பார்த்து, ஓநாய் வருகிறதென்று வீணே கூவுகிறீர்கள் என்று 2015-இல் கடிந்துகொண்டார். குற்றங்கள் குறைந்து வருவதை ஆய்வுக் கணக்குகள் காட்டுகின்றன என்ற அவர் வாதத்தில் உண்மையும் இருந்தது. ஆனால் அதே காலத்தில் கத்திக்குத்துக் குற்றங்கள் ஏறத் தொடங்கியிருந்தன. 2017-இல் மான்செஸ்டரிலும் லண்டனிலும் பயங்கரவாதத் தாக்குதல்கள் நடந்து, சில நாள்களில் தேர்தலும் வந்தபோது, பிரதமராகியிருந்த அவரிடமே நாடு அக்கேள்வியைத் திரும்பக் கேட்டது. இருபத்தோராயிரம் காவலரைக் குறைத்த கன்சர்வேட்டிவ் கட்சியே 2019-இல் இருபதாயிரம் காவலரைச் சேர்ப்போம் என்று முழங்கியது!

சேர்க்கவும் சேர்த்தார்கள். 2023 மார்ச்சில் காவலர் எண்ணிக்கை 1,47,400-ஐத் தாண்டியது. ‘போனதை மீட்டுவிட்டோம்’ என்றார்கள். மக்கள்தொகையும் பெருகிவிட்டதால், தலைக்கணக்கில் பார்த்தால் அது 2010-ஐ விடக் குறைவே. அதைவிடப் பெரிய இழப்பு வேறொன்று. இருபது ஆண்டுகள் ஒரு தெருவில் நடந்து, எந்தப் பையன் கெட்ட சகவாசத்தில் விழுகிறான், எந்த வீட்டில் மனைவி அடிபடுகிறாள் என்று அறிந்திருந்த காவலர் ஓய்வுபெற்றுப் போய்விட்டார். புதியவர் நல்லவரே, ஆனால் நேற்று வந்தவர். 2023-இல் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்கள் ஐந்தாண்டு அனுபவம்கூட இல்லாதவர்கள். எண்ணிக்கை குறைந்தால் மானியம் பிடிக்கப்படும் என்றிருந்ததால், சீருடைக் காவலரைச் சில இடங்களில் எழுத்தர் வேலையில் உட்கார வைத்தார்கள். தெருவில் மக்களோடு பழகி வந்த துணை அலுவலர்களின் எண்ணிக்கையோ 2010-இல் இருந்ததில் பாதிக்கும் கீழே போயிற்று. தேர்தல் மேடையில் எண்ணிச் சொல்லக்கூடியது மட்டுமே மீண்டு வந்தது.

இன்னொன்றையும் மறக்கலாகாது. நகர, வட்டார மன்றங்களுக்கு நடுவண் அரசு தந்த பணமும் 2010-11 முதல் 2017-18 வரை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது என்று அதே தணிக்கை அலுவலகம் சொல்கிறது. நார்தாம்டன்ஷயர் மன்றம் 2018-இலும், பர்மிங்காம் மாநகர மன்றம் 2023-இலும் கையில் பணமில்லை என்று முறைப்படி அறிவிக்க நேர்ந்தது. இளைஞர் மன்றம் பூட்டப்படுகிறது. நூலகத்தின் நேரம் குறைகிறது. மனநலம் குன்றியவரைக் கவனிக்க ஆளில்லை. அவர்கள் எல்லாரும் நள்ளிரவில் தட்டுவதற்குத் திறந்திருக்கும் கதவு காவல் நிலையம் ஒன்றே. ஆளும் குறைந்து வேலையும் கூடினால், உடைந்த பின்கதவைப் பார்க்க யார் வருவார்?

2024-இல் ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சி, அக்கம்பக்கக் காவலுக்குப் பதின்மூவாயிரம் பேரைச் சேர்ப்பதாக வாக்களித்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட காவல் ஆணையர் பதவியை 2028 மே மாதத்தோடு நீக்கப்போவதாக 2025 நவம்பரில் அவ்வரசு அறிவித்தது. புதிய ஏற்பாடு நன்மை தருமா என்பது, பணம் எங்கிருந்து வரும், எந்த ஊருக்கு எவ்வளவு போகும் என்பதைப் பொறுத்தது.

பதினோராம் பத்திநாதர் 1931-இல் எழுதிய சுற்றுமடலில் நாம் நன்கறிந்த ஒரு நெறி உண்டு: சிறிய அமைப்பு செய்யக்கூடியதைப் பெரிய அமைப்பு பறித்துக்கொள்ளலாகாது, சிறியதற்குத் துணைநிற்பதே பெரியதன் கடமை. இந்நெறியின் முதற்பாதியைச் சொல்லிப் பிற்பாதியை மறைப்பது எளிது. ‘உங்கள் ஊர், உங்கள் காவல், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று பொறுப்பைக் கீழே இறக்கிவிட்டு, பணப்பையின் முடிச்சை மேலேயே வைத்துக்கொள்வது துணைநிற்றல் ஆகாது. அது கைகழுவுதல். அவ்வாறு செய்யும்போது, மேலுள்ளவர் கீழுள்ளவரையும், கீழுள்ளவர் மேலுள்ளவரையும் கைகாட்ட, பழியை ஏற்க யாருமே இருப்பதில்லை. சொந்த வேலிக்கும் நாய்க்கும் செலவழிக்க வசதியுள்ளவன் பிழைத்துக்கொள்வான். ஏழைக்கு ஊரின் காவலைத் தவிர வேறு காவல் இல்லை.

ஆகவே வாக்குக் கேட்டு வருகிறவர் எக்கட்சியினராயினும், ‘எத்தனை பேரைச் சேர்ப்பீர்கள்?’ என்பதோடு நில்லாமல், பணம் யாரிடமிருந்து வரும், அது தேவை மிகுந்த இடத்துக்குப் போகுமா, போகாவிட்டால் நான் யார் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்பது என்று கேட்க வேண்டும். இம்மூன்றுக்கும் நேரான விடை சொல்பவரே நம்பத்தக்கவர்.

இவற்றையெல்லாம் சுருக்கி அந்த அம்மையாருக்கு ஒரு கடிதம் எழுதினேன். எளிதாய் ஒரு விடை சொன்னதற்கு வருத்தமும் தெரிவித்தேன். இந்தியக் குடிமகளாயினும், காமன்வெல்த் நாட்டவர் என்ற முறையில், அங்கே முறைப்படி வசிக்கும் அவருக்கு அந்நாட்டுத் தேர்தல்களில் வாக்குரிமை உண்டென்பதையும் குறிப்பிட்டிருந்தேன். இத்தனை ஆண்டுகளாக அவர் அதை அறியவேயில்லையாம். பதில் வந்தது: “பட்டியலில் பெயரைப் பதிந்துவிட்டேன், சாமி. பின்கதவுக்குப் பூட்டும் மாற்றியாயிற்று.”

இரண்டும் வேண்டியவையே.