மனோதத்துவம் படித்தால் வேலை உண்டா?

சித்தூர், திருப்பதி வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களில் இண்டர் முடித்த பெண் 'சைக்காலஜி படிக்கிறேன்' என்றால், 'பைத்தியக்கார வைத்தியமா?' என்று பாட்டி கேட்கிறாள். 'அதற்கு எங்கே வேலை?' என்று தகப்பனார் கேட்கிறார். பாட்டியின் கேள்வியைத் தள்ளிவிடலாம். தகப்பனாரின் கேள்வி நியாயமானது.

பட்டம் மட்டும் பெற்றுக்கொண்டு வாசலில் 'மனநல ஆலோசகர்' என்று போர்டு மாட்டுவது ஏமாற்று வேலை. மனநோய்க்குச் சிகிச்சை தரும் கிளினிகல் சைக்காலஜிஸ்ட் ஆவதற்கு நெடுநாளாக இருந்துவந்த பாதை இது: மூன்றாண்டுப் பட்டம், ஈராண்டு முதுகலை, அதன்மேல் ஆஸ்பத்திரிப் பயிற்சியுடன் ஈராண்டு எம்.பில். பிறகு 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பெயரைப் பதிய வேண்டும். பாடத்திட்டங்கள் மாறிவருவதால், சேருகிற வருஷத்தில் கவுன்சிலின் அங்கீகாரப் பட்டியலைப் பார்த்துவிடுவது நலம். இத்தனைக்குப் பிறகும் மருந்து எழுதும் அதிகாரம் டாக்டருக்குத்தான். இது தெரியாமலே பலர் சேர்ந்துவிடுகிறார்கள். மாதச் சம்பளக் குடும்பத்துக்கு ஏழு வருஷம் சிறிய காலமல்ல.

ஆனால் தேவை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-இல் நாட்டில் தற்கொலை செய்துகொண்ட மாணவர்கள் 13,044 பேர். விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் படித்துவந்த ஒரு மாணவி 2023-இல் இறந்த வழக்கில், 2025 ஜூலை 25 அன்று சுப்ரீம் கோர்ட் நாடு முழுவதற்கும் வழிமுறைகள் வகுத்தது. நூறு மாணவரோ அதற்கு மேலோ உள்ள கல்வி நிலையங்கள் தகுதிபெற்ற ஆலோசகர், மனோதத்துவ நிபுணர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. கோச்சிங் சென்டர்களுக்கும் இது பொருந்தும். ஆந்திராவில் பிறந்த வழக்கு இது. கோச்சிங் விடுதிகள் மலிந்த திருப்பதியில் முதலில் பலித்திருக்க வேண்டாமா? டிரில் மாஸ்டரையே ஆலோசகராக ரிஜிஸ்தரில் எழுதிக்கொள்ளும் நிர்வாகங்களை அதிகாரிகள் நேரில் வந்து பார்த்தால்தான் உத்தரவுக்கு உயிர் வரும். சம்பளம் எவ்வளவு என்பதையும் அரசு தெளிவாக நிர்ணயிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏழு வருஷம் படித்தவளுக்கு டியூஷன் வாத்தியார் கூலிதான் மிஞ்சும்.

இங்கேதான் எல்லைப்புறத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஓர் அனுகூலம். மனக்கஷ்டத்தை யாரும் கற்ற மொழியில் சொல்வதில்லை. அம்மாவிடம் பேசும் மொழியில்தான் சொல்வார்கள். நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கத்துப் பிள்ளைக்குத் தமிழும் தெலுங்கும் தண்ணீர் பட்ட பாடு. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' (எண் 14416) தொலைபேசிச் சேவைக்கும் பல மொழி பேசும் ஆலோசகர்கள்தானே வேண்டும்?

படிக்க வெகுதூரம் போகவும் வேண்டாம். 1954-இல் தோன்றிய திருப்பதி வேங்கடேசுவரா பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை இருக்கிறது. நோயாளியுடன் குடும்பத்தாரையும் தங்கவைத்துச் சிகிச்சை தருவதில் பெயர்பெற்ற வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையம், சித்தூரிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் பாகாயத்தில் உள்ளது. வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க நினைத்தவர்களுக்கு இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் 2025 வரை எம்.ஏ. இருந்தது, அதுமட்டும் சிகிச்சை செய்ய லைசென்ஸ் ஆகாது.

இங்குள்ள தமிழ்ச் சங்கங்கள் பொங்கலுக்குப் பந்தலும் பட்டிமன்றமும் நடத்தட்டும். அந்தச் செலவில் ஒரு பங்கை ஒதுக்கி, வருஷத்துக்கு ஒரு மாணவியின் கடைசி ஈராண்டுப் படிப்புக்குக் கொடுத்தால் என்ன?