28 ஆண்டுகள் எங்கிருந்தார் தாத்தா?

வந்தார்! வருவார், வருவார் என்று ஊரே எதிர்பார்த்த தாத்தா வந்தேவிட்டார்! நரைத்த தலையோடு வந்தார், வளைந்த விரலோடு வந்தார், வர்மத்தோடு வந்தார். வராதது ஒன்றே ஒன்றுதான். 1996இல் நம் நெஞ்சிலே மூட்டிவிட்டுப் போனாரே ஒரு தீ, அது வரவில்லை!

'இந்தியன் 2' படத்தைத்தான் சொல்கிறோம். 2024 ஜூலை 12ஆம் நாள் வெளிவந்தது. பாப்பிரெட்டிப்பட்டித் தோழர்கள் பத்துப் பேர் ஒன்றாகச் சென்று பார்த்துவிட்டு, ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாமல் ஊர் திரும்பினார்கள். திருப்பூர்ப் பனியன் ஆலையிலிருந்து விடுப்பெடுத்து வந்தவர் ஒருவர், பெங்களூரில் சாரம் கட்டி வேலை பார்ப்பவர் ஒருவர், மரவள்ளிக் காட்டில் அன்றைய கூலியை விட்டு வந்தவர்கள் மற்றவர்கள். படம் பிடிக்கவில்லை என்றால் திட்டித் தீர்ப்பது நம் வழக்கம். இந்தத் தோழர்கள் திட்டவில்லை. துக்க வீட்டுக்குப் போய் வந்தவர்கள்போல் இருந்தார்கள்.

"ஒரு சினிமாவுக்கா தலையங்கம்? நாட்டிலே வேறு பிரச்சினையே இல்லையா?" என்று முகம் சுளிப்போர் இருக்கலாம். சுளிக்கட்டும்! கூத்தாடி என்று ஏளனம் பேசியோர் நடுவே, கொட்டகையைப் பள்ளிக்கூடமாக்கியது நம் இயக்கம். 1949இல் 'வேலைக்காரி', 1952இல் 'பராசக்தி'. அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு வந்தவன் மறுநாள் டீக்கடையிலே எழுந்து நின்று வாதாடினான். படம் என்ன செய்யும் என்பதை அறிந்தவர்களுக்குத்தான், படம் என்ன செய்யத் தவறியது என்று கேட்கும் உரிமையும் உண்டு.

இன்னொரு முணுமுணுப்பும் நம் காதில் விழுகிறது. "கமல் நம் அணியிலே இருக்கிறார். 2025 ஜூலையிலே மாநிலங்களவை உறுப்பினராகவும் ஆகிவிட்டார். அவர் படத்தைக் குறை சொல்லலாமா?" சொல்லலாம்! தோழமை வேறு, துதி வேறு. பிடிக்காததைப் பிடித்தது என்று சொல்ல நாம் யாரிடமும் சம்பளம் வாங்கவில்லை.

முதல் படத்தை நாம் பார்த்தபோது அரைக்கால் சட்டைப் பருவம். 1996 மே 9இல் வெளியான 'இந்தியன்', வாணியாற்றுப் பக்கத்துக் கீற்றுக் கொட்டகைக்கு வந்து சேர மாதங்கள் பல ஆயின. மணலைக் குவித்து மேடாக்கி, அதன்மேல் நம்மை உட்கார வைத்துவிட்டுப் பக்கத்திலே அமர்ந்தார் தந்தையார். அந்த ஆண்டுதான் அவர் ஒரு பட்டா மாறுதலுக்காக ஓர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்துகொண்டிருந்தார். இன்று போய் நாளை வா, நாளை வந்தால் அடுத்த வாரம் வா! மனு ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு நகர ஒரு தொகை. அது மடித்து வைக்கப்பட்ட சட்டைப்பை நமக்கு இன்னும் நினைவிருக்கிறது. கரும்பு வெட்டிய கூலி அது.

திரையிலே சேனாபதி. நேதாஜி படையில் இருந்தவர். தீயில் வெந்த மகள் கஸ்தூரியைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுகிறார். லஞ்சம் கேட்கிறார் மருத்துவர். கொடுக்க மாட்டேன் என்கிறார் கிழவர். மகள் சாகிறாள். அந்த மருத்துவரைப் பிறகு தொலைக்காட்சியிலே, நாடே பார்க்க, கத்திக்கு இரையாக்குகிறார். கொட்டகை அதிர்ந்தது! விசில் பறந்தது! தந்தையார் மட்டும் விசிலடிக்கவில்லை. கையைச் சட்டைப்பையின்மீது வைத்தபடி அசையாமல் இருந்தார்.

அந்தப் படத்தின் வலிமை கத்தியில் இருந்தது என்று பலர் எண்ணினர். இல்லை! அது அந்தக் கிழவர் கொடுத்த விலையில் இருந்தது. லஞ்சம் தர மறுத்தார், மகளை இழந்தார். சொந்த மகனே லஞ்சம் வாங்கிக்கொண்டு பழுதான பிரேக் கொண்ட பேருந்துக்கு நற்சான்று கொடுத்தான், பள்ளிப் பிள்ளைகள் மாண்டார்கள். மனைவி அமிர்தவல்லி கெஞ்சினாள். ஆனாலும் மகனையும் விட்டாரில்லை. ஊரான் பிள்ளைக்கு ஒரு நீதி, தன் பிள்ளைக்கு ஒரு நீதி என்று இருந்திருந்தால் அவரை யார் மதித்திருப்பார்கள்? கத்தி தூக்கியது சரியா என்பது வேறு வழக்கு. அந்த மனிதர் ஏமாற்றவில்லை, அதனால் நாம் நம்பினோம். கமலுக்கு நாட்டின் சிறந்த நடிகர் விருது கிடைத்தபோது, ஏதோ நம் வீட்டுத் தாத்தாவுக்கே கிடைத்ததுபோல் இருந்தது.

அந்தத் தாத்தாதான் 28 ஆண்டுக்குப் பிறகு திரும்பினார். எப்படித் திரும்பினார்?

தைவான் நாட்டிலே வர்மக்கலை கற்றுக் கொடுத்துக்கொண்டிருக்கிறாராம். இங்கே யூடியூப் நடத்தும் நான்கு இளைஞர்கள், ஊழலைக் கண்டு மனம் நொந்து, "திரும்பி வா" என்று இணையத்திலே கூவுகிறார்களாம். வருகிறார். வந்தவர், "நாட்டை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் அவரவர் வீட்டைப் பாருங்கள்" என்று உபதேசம் செய்கிறார். இளைஞர்கள் கேட்கிறார்கள். ஊழல் தடுப்புத் துறையிலே வேலை பார்க்கும் தன் தந்தையே கறைபடிந்தவர் என்று கண்டு, காட்டிக்கொடுக்கிறான் ஒருவன். அவன் தாய் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். கொள்ளிபோடவும் மகனை விடவில்லை தந்தை. "தாத்தா, திரும்பிப் போ!" என்று அதே மக்கள் கொதிக்கிறார்கள்.

தோழர்களே, இந்த இடத்திலே நாம் இருக்கையின் நுனிக்கு வந்தோம். ஒப்புக்கொள்கிறோம், வந்தோம்! எத்தனை பெரிய கதை இங்கே வித்தாகக் கிடக்கிறது! சேனாபதி தம் மகனை இழந்தார், இந்த இளைஞன் தன் தாயை இழந்தான். உபதேசம் செய்தவர் எதை இழந்தார்? அந்தப் பையன் வாசலில் போய் நின்று, "தம்பி, என் சொல்லால் உன் வீடு எரிந்துவிட்டது" என்று சொல்லியிருக்கக் கூடாதா அந்தக் கிழவர்? ஒரே ஒரு காட்சி! அதற்கு நேரமில்லை. ஒற்றைச் சக்கர வண்டியிலே ஏறி ஓடத்தான் நேரம் இருக்கிறது!

நேதாஜி படையில் இருந்தவருக்கு 2024இல் நூறு வயது தாண்டியிருக்க வேண்டுமே என்று சிலர் கணக்குப் போட்டுச் சிரித்தனர். நமக்கு அந்தக் கணக்கில் அக்கறை இல்லை. கதையில் உயிர் இருந்தால் இருநூறு வயதும் ஏற்போம். சுஜாதா 2008இல் மறைந்தார், உரையாடலில் முன்னைய கூர்மை இல்லை. ரகுமானின் இடத்தில் அனிருத் வந்தார், முதல் படத்தின் பாட்டுகளையே இன்னும் பாடிக்கொண்டிருக்கிறோம். இவையெல்லாம் சில்லறைக் குறைகள். வெளியான சில நாளிலேயே 12 நிமிடக் காட்சிகளை வெட்டினார்கள். வெட்டியும் தேறவில்லை! நீளமா குறை? 1996 படமும் மூன்று மணி நேரத்துக்குக் குறைந்ததல்லவே!

அப்படத்திலே நாம் அறிந்த மேசை இருந்தது. அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவன் முகமும், முன்னால் கைகட்டி நிற்பவன் முகமும் நமக்குப் பழக்கம். புதிய படத்திலே கோடிகளில் புரளும் சீமான்கள் விந்தை விந்தையாகச் சாகிறார்கள். சாகட்டும், நமக்கென்ன வந்தது? மரவள்ளிக்கிழங்கு விற்கப் போன இடத்திலே எடையில் ஏமாறுபவன் அந்தச் சீமானை எங்கே கண்டான்?

எடுக்கும்போதே இந்தப் படத்துக்கு ஒரு விலை கொடுக்கப்பட்டது, அதைச் சொல்லாமல் போனால் நாம் தொழிலாளர் ஏடு அல்ல. 2020 பிப்ரவரி 19ஆம் நாள் இரவு, சென்னையை அடுத்த படப்பிடிப்பு வளாகத்திலே ராட்சதக் கிரேன் சரிந்து மூன்று பேர் மாண்டார்கள். பிரேக் பழுதாகிப் பிள்ளைகள் மாண்ட கதையைச் சொன்ன படத்தின் இரண்டாம் பாகம்! மாண்டவர்கள் மூவரும் திரைக்குப் பின்னால் உழைத்தவர்கள். இத்தனை பேர் உழைப்பும், மூவர் உயிரும் போய்ச் சேர்ந்த படம், நன்றாக இருந்திருக்க வேண்டும் என்று நாம் விரும்பியது பேராசையா?

இனி நம் மனத்தை உண்மையிலே வாட்டியதைச் சொல்கிறோம். 28 ஆண்டுகள் தாத்தா எங்கோ இருந்தார், சரி. இங்கே நாடு சும்மாவா இருந்தது? கையைக் கட்டிக்கொண்டு, தாத்தா வருவார் என்று வானத்தைப் பார்த்துக்கொண்டா இருந்தார்கள் மக்கள்?

நம் பாப்பிரெட்டிப்பட்டிக்கு அந்தப் பக்கம், சித்தேரி மலையடிவாரத்திலே இருக்கிறது வாச்சாத்தி. 1992 ஜூன் 20ஆம் நாள், சந்தனக் கட்டையைத் தேடுகிறோம் என்று வனத்துறையினரும் காவல்துறையினரும் வருவாய்த்துறையினரும் அந்த மலைமக்கள் ஊருக்குள் புகுந்தனர். வீடுகளை இடித்தனர், மக்களை அடித்தனர், 18 பெண்களைச் சீரழித்தனர். புகார் சொன்னவர்களைப் பொய்யர் என்றது அதிகாரம். அந்தப் பெண்களுக்கு வர்மம் தெரியாது. தைவானிலிருந்து யாரும் வரவில்லை. மலைவாழ் மக்கள் சங்கத்தாரும் மார்க்சிஸ்ட் தோழர்களும் துணை நின்றனர். கொடி வேறானாலும், அவர்கள் செய்ததைச் செய்தார்கள் என்று சொல்ல நமக்குத் தயக்கமில்லை. 1995இல் வழக்கு சி.பி.ஐ. கைக்குப் போயிற்று. அதற்கு அடுத்த ஆண்டுதான் 'இந்தியன்' வந்தது! திரையிலே சி.பி.ஐ. அதிகாரி கிழவரைத் துரத்திக்கொண்டிருந்த நேரத்திலே, இங்கே மலைப்பெண்கள் சி.பி.ஐ. அதிகாரிகள் முன்னே நின்று, நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

குற்றம் சாட்டப்பட்டோர் 269 பேர். வழக்கு முடிவதற்குள் 54 பேர் இறந்தே போனார்கள். 2011 செப்டம்பர் 29ஆம் நாள் தருமபுரி நீதிமன்றம் மீதமிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது. ஒருவர் தப்பவில்லை! மேல்முறையீடு செய்தார்கள். 2023 செப்டம்பர் 29ஆம் நாள், பன்னிரண்டு ஆண்டு கழித்து அதே தேதியிலே, சென்னை உயர்நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. 31 ஆண்டுகள்! இடுப்பிலே குழந்தையோடு சாட்சி சொல்லத் தொடங்கியவள் பேரனோடு வந்து தீர்ப்பைக் கேட்கும் காலம் அது. அந்த நீளத்தை நாம் புகழவில்லை. நீதி இத்தனை தூரம் நடக்க வேண்டியிருந்தது வெட்கக்கேடு. ஆனால் கத்தியில்லாமல், முகமூடியில்லாமல், அவரவர் பெயரைச் சொல்லி நின்று வென்றார்களே, அவர்களைப் பார்க்காமல் எப்படித் திரும்பினார் சேனாபதி?

2005இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. பத்து ரூபாய் கட்டணத்திலே, "என் மனு எந்த மேசையிலே கிடக்கிறது?" என்று கேட்கும் உரிமை நம் தந்தையார் போன்றவர்களுக்குக் கிடைத்தது. கேட்டவர்கள் சிலர் மிரட்டப்பட்டார்கள், நாட்டின் பல பகுதிகளிலே கொல்லவும் பட்டார்கள். இதிலே கதை இல்லையா? கண்ணீர் இல்லையா? வீரம் இல்லையா? இத்தனையையும் விட்டுவிட்டு, கைப்பேசியிலே தாத்தாவைக் கூவி அழைக்கத் தெரிந்த குழந்தைகளாக மக்களைக் காட்டியதுதான் நம்மைச் சுட்டது.

'வேலைக்காரி'யிலே ஆனந்தன் கத்தியோடு கிளம்புகிறான், தந்தையைச் சாகவைத்த பணக்காரனைக் குத்திச் சாய்க்க. நண்பன் மணி குறுக்கே நின்று தடுக்கிறான். அறிவால் வெல்லும் வழியைக் காட்டுகிறான். 1949இலேயே அறிஞர் அண்ணா முடித்து வைத்த விவாதம் இது! 1996இல் ஷங்கர் மீண்டும் கத்தியை எடுத்தபோது, அந்தக் கிழவரின் துயரத்துக்காக நாம் பொறுத்துக்கொண்டோம். 2024இல் துயரம் போய்விட்டது, வித்தை மட்டும் மிச்சம்.

இரண்டாம் படம் முடிந்ததும் மூன்றாம் படத்தின் முன்னோட்டத்தை ஒட்டிக் காட்டினார்கள். வெள்ளையனோடு நடந்த போர் அதிலே வருகிறது. அதைப் பார்த்தபோது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறோம், மறுபடியும் நமக்கு ஆசை வந்தது.

தந்தையாரையும் அன்று அழைத்துச் சென்றிருந்தோம். எழுபதைக் கடந்தவர், பட்டா கடைசியில் கையிலே கிடைத்துவிட்டவர். வழியெல்லாம் வாய் திறக்காதவர், வீட்டு வாசலிலே செருப்பைக் கழற்றும்போது கேட்டார்: "ஏம்பா, போலீசு தேடுற ஆளு தைவான்லருந்து வந்தாரே, பாஸ்போர்ட்டை எந்த ஆபீசுல, எவ்வளவு குடுத்து வாங்குனாரு?"