ஏசியின் விலை கடையோடு முடிவதில்லை

வீட்டு ஏசியில் குளிர் குறைந்துவிட்டால் நம்மவர்கள் செய்யும் முதல் வேலை, ஏசி பாஸைக் கூப்பிட்டுக் கேஸ் அடிப்பதாகும். இரண்டு மாதம் குளிரும். மீண்டும் கேஸ், மீண்டும் பணம். ஏசியின் வாயு பெற்றோல் போல் எரிந்து தீர்வதல்ல. அது குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்பதே பொருள். காத்தான்குடி, சாய்ந்தமருது போன்ற கரையோர ஊர்களில் உப்புக் காற்று வெளிப்புற இயந்திரத்தை அரித்துவிடுவதால் இத்தொல்லை விரைவாகவே வந்து சேர்கிறது.

பழைய ஏசிகளில் பல ஆர் 22 வாயுவில் இயங்குபவை. ஓசோன் படையைப் பாதுகாக்க 1987 இல் கைச்சாத்திடப்பட்ட மொன்ட்ரியல் உடன்படிக்கையின் கீழ் வளர்முக நாடுகள் இவ்வாயுவை 2030 உடன் கைவிட வேண்டும். அதன்பின் 2040 வரை திருத்த வேலைகளுக்கு மிகச் சிறிய அளவே அனுமதிக்கப்படும். ஆகவே, பத்துப் பன்னிரண்டு வருடம் உழைத்துக் களைத்த ஆர் 22 இயந்திரத்துக்கு இனியும் செலவழிப்பது வீண் என்பதே எமது கருத்து. கசிவு குழாய் மூட்டில் மட்டும் என்றால் அது வேறு கதை; ஒட்டிச் சமாளிக்கலாம்.

மாற்றுவதென்று முடிவெடுத்தாலும் நாம் பார்ப்பது விலைச்சீட்டை மட்டுமே. இன்வேர்ட்டர் ஏசியின் விலையைக் கேட்டுவிட்டு, மலிவான சாதாரண ஏசியைத் தூக்கி வருகிறோம். 12,000 பீ.டீ.யூ. சாதாரண ஏசி இயங்கும்போது ஏறத்தாழ 1.1 கிலோவாற் எடுக்கும். இரவில் எட்டு மணித்தியாலம் போட்டால், இடையில் நின்று இயங்குவதைக் கழித்துச் சுமார் ஆறு அலகு. மாதம் 180 அலகு. இன்வேர்ட்டர் அதில் மூன்றிலொன்றை மிச்சப்படுத்தினால் 60 அலகு. அறைக்கு அறை இது மாறும் என்பது உண்மைதான்.

அந்த 60 அலகு எங்கிருந்து கழிகிறது என்பதுதான் விடயமே. நமது வீட்டு மின்கட்டணம் படிமுறையானது. 180 அலகுக்கு மேற்பட்டவற்றுக்கே ஆகக்கூடிய விலை. குளிர்சாதனப் பெட்டி, தண்ணீர் மோட்டர் ஆகியவற்றோடு ஏசியும் ஓடும் வீட்டில், மிச்சமாகும் ஒவ்வோர் அலகும் அந்த உச்சப் படியிலிருந்தே குறைகிறது. 2022 ஆகஸ்டில் கட்டணம் சராசரியாக 75 வீதத்தாலும் 2023 பெப்ரவரியில் 66 வீதத்தாலும் உயர்ந்ததை நாம் மறக்கவில்லை. பின்னர் குறைப்புகளும் வந்தன என்றாலும், அடுத்த வருடக் கட்டணத்துக்கு எவரும் உத்தரவாதம் தரமாட்டார். வெளிநாட்டிலுள்ள மகன் வாப்பா உம்மாவின் அறைக்கு ஏசி வாங்கப் பணம் அனுப்பிவிடுகிறார். மாதாமாதம் மின்பட்டியலைக் கட்டுவது யார்?

பூட்டுக்கூலி, மேலதிகச் செப்புக்குழாய், தாங்கி, தனி வயரிங், பிரேக்கர் என்று விளம்பர விலைக்கு வெளியே ஒரு பட்டியல் நீளும். பழைய குழாயையே பாவிக்கலாம் என்பார்கள். ஆர் 22 இயந்திரத்தின் எண்ணெய் வேறு, இன்றைய ஆர் 32 இயந்திரத்தின் எண்ணெய் வேறு. குழாயை நன்கு கழுவாமல் பூட்டினால் புதிய கொம்பிரஸர்தான் பாதிக்கப்படும்.

விற்பனையாளர்கள் முழுத் தொகையையும், இயந்திரம் இழுக்கும் மின்சக்தியையும் எழுத்தில் தர வேண்டும். கேட்காமல் தரமாட்டார்கள், கேட்டு வாங்குங்கள். பழைய இயந்திரத்தைக் கழற்றும்போது வாயுவைச் சிலிண்டரில் எடுக்கச் சொல்லுங்கள். குழாயை வெட்டிக் காற்றில் விட்டால் இரண்டு நிமிட வேலை என்று பாஸ் சொல்வார். இடம் கொடுக்க வேண்டாம்.