ஒரு சட்டிக் கறியும் இரு இதயங்களும்

துணுக்காயிலே, வவுனிக்குளத்து நீர் பாயும் வயலருகே உள்ள ஒரு வீட்டை எண்ணிப் பார்ப்போம். மதிய வேளையிலே தந்தையும் தாயும் ஒரே சட்டித் தேங்காய்ப்பாற் கறியையும் ஒரே முட்டித் தயிரையும் உண்கின்றனர். உண்ட கொழுப்பு ஒன்றே. ஆயினும் அது இருவர் உடலிலும் ஒரே விதமாய்த் தொழிற்படுவதில்லை. இதனை அறியாமையால், மாரடைப்பு ஆண்களுக்கே உரிய நோய் என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது.

குருதியிலே கொலஸ்டரோலைச் சுமந்து செல்லும் துணிக்கைகளுள் இரண்டு முக்கியமானவை. ஒன்று அதனைக் குருதிக் குழாய்ச் சுவரிலே படியவிடுவது. மற்றையது எஞ்சியதை ஈரலுக்கு மீட்டுச் செல்வது. முன்னதைத் 'தீயது' என்றும் பின்னதை 'நல்லது' என்றும் வழக்கிலே கூறுகின்றோம். தீயதைப் பற்றி உள்ளிழுக்கும் வாயில்கள் ஈரலிலே உண்டு. நிரம்பிய கொழுப்பை மிகுதியாக உண்டால் அவ்வாயில்கள் குறைகின்றன. பெண்ணுடலிற் சுரக்கும் ஈஸ்ரோஜன் என்னும் ஓமோனோ அவற்றைப் பெருக்குகின்றது, நல்லதையும் உயர்த்துகின்றது.

இது இயற்கை அளித்த காவல். இலங்கை உட்பட 52 நாடுகளிலே நடைபெற்று, 2004ஆம் ஆண்டில் வெளியான 'இன்ரர்ஹார்ட்' ஆய்வு, பெண்களுக்கு முதல் மாரடைப்பு ஆண்களைவிட ஏறத்தாழ 9 ஆண்டுகள் பிந்தியே வருவதைக் கண்டது. இதற்குக் காரணங்கள் பல; ஓமோன் தரும் காவலும் அவற்றுள் ஒன்று.

ஆனால் அக்காவல் தவணைக்கு உட்பட்டது. ஐம்பது வயதளவில் மாதவிடாய் நிற்க, ஈஸ்ரோஜன் குன்றுகின்றது. தீய கொலஸ்டரோல் ஏறுகின்றது. நாற்பதிலே தீங்கின்றிச் சென்ற அதே உணவு ஐம்பத்தைந்திலே சுமையாகலாம். சமையல் மாறவில்லை, உடல் மாறிவிட்டது.

இவ்வுண்மை ஏன் பிந்தித் தெரிந்தது? 1958இலே தொடங்கிய புகழ்பெற்ற ஏழு நாடுகள் ஆய்வு 40 முதல் 59 வயது வரையான ஆண்களை மட்டுமே ஆராய்ந்தது. பெண்களைப் பற்றிய பெரிய சான்று பின்னரே வந்தது. அமெரிக்கத் தாதியர் 80,000 பேரை 14 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 1997இல் வெளியாயிற்று. கொழுப்பின் மொத்த அளவைவிட அதன் வகையே பெண்ணின் இதயத்துக்கு முக்கியம் என்பதை அது உணர்த்தியது. மாதவிடாய் நின்ற 48,835 பெண்களைக் கொண்டு அங்கேயே நடத்தி, 2006இல் வெளியிட்ட பரிசோதனையும், மொத்தக் கொழுப்பைக் குறைக்கும் முயற்சி மட்டும் இதயநோயைக் குறிப்பிடத்தக்க அளவு தணிக்கவில்லை என்றே காட்டிற்று.

ஆகவே, கொழுப்பை அஞ்சி வெள்ளரிசிச் சோற்றையும் சீனியையும் கூட்டிக்கொள்வது பயன் தராது. அதனால் நல்ல கொலஸ்டரோல் தாழ்ந்து, திரைகிளிசரைட்டு என்னும் கொழுப்பு உயரும். அவ்வுயர்வு ஆண்களைவிடப் பெண்களுக்கே கூடிய ஆபத்தின் அறிகுறி என்பது ஆய்வாளர் கண்ட முடிபு.

அப்படியாயின் யாது செய்யலாம்? தேங்காயெண்ணெயிலே நூற்றுக்கு ஏறத்தாழ 90 பங்கும், நல்லெண்ணெயிலே ஏறத்தாழ 15 பங்குமே நிரம்பிய கொழுப்பு. எனவே தாளிக்கவும் வதக்கவும் நல்லெண்ணெயை அளவோடு கொள்ளலாம். தேங்காய்ப்பாலை முற்றாகத் துறக்க வேண்டியதில்லை. முதற்பாலைக் குறைத்தாற் போதும். ஒருமுறை பொரித்த எண்ணெயை மீண்டும் மீண்டும் காய்ச்சலாகாது. மீன், பயறு, கீரை ஆகியன தட்டிலே இடம்பெறட்டும்.

இன்னுமொன்று. மாரடைப்பின் முதன்மை அறிகுறி பெண்களுக்கும் நெஞ்சுநோவே. ஆயினும் மூச்சுத்திணறல், குமட்டல், முதுகு அல்லது தாடை நோவு, காரணமறியாத களைப்பு என்பன அவர்களிடத்தே கூடுதலாகக் காணப்படுகின்றன. அவற்றை "வாய்வு" என்றும் "வேலைக் களை" என்றும் ஒதுக்கி, வீட்டிலே காலங்கடத்துவது உயிருக்கே உலை வைக்கும்.

2009இலே போர் முடிந்தபின், தாயொருத்தியே தாங்கி நிற்கும் குடும்பங்கள் வன்னியிலே பல. எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உண்பவள் அவள். வைத்தியரிடம் கடைசியாகச் செல்பவளும் அவளே. மாணவர்களே, உங்கள் அன்னைக்கு ஐம்பது வயது நெருங்குகின்றதாயின், குருதியமுக்கத்தையும் சீனியையும் கொலஸ்டரோலையும் சோதிக்க அவளை வைத்தியசாலைக்கு நீங்களே அழைத்துச் செல்லுங்கள். "எனக்கென்ன குறை?" என்பாள். அச்சொல்லைக் கேட்டு நின்றுவிடாதீர்கள்.